கதவு வைக்காத வீடு

பொய்க்கு அழுக்குப் பூசுவதுதான் ஷீலாவின் வேலை. சிரிக்காதீர்கள், அதற்கும் ஆள் தேவைப்படுகிற காலம் இது.

கேளம்பாக்கம் ஜங்ஷனைத் தாண்டி, ஒரு பைக் ஷோரூமுக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த அனிமேஷன் ஸ்டுடியோ. வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்க்கிற தொடர் ஒன்று அங்கே தயாராகிறது. சின்னப் பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சொருகி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டை இருக்கிறதே, குமிழ் குமிழாக மண்டை வைத்தது, அதைக் கொண்டே கட்டின ஒரு டவுன். ரொட்டிக்கடை, பஸ், ரயில்வே ஸ்டேஷன், தொப்பி போட்ட போலீஸ்காரர், எல்லாம் அந்தக் கட்டைதான். பார்க்கிறவர்கள், யாரோ ஒரு ஆள் மேஜை மேல் நிஜக் கட்டைகளை அடுக்கி, கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்திருக்கிறார் என்று நம்ப வேண்டும். ஆனால் மேஜையும் கிடையாது, கட்டையும் கிடையாது, கையும் கிடையாது. சகலமும் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது.

கம்ப்யூட்டர் செய்கிற பிளாஸ்டிக்குக்கு ஒரு வியாதி உண்டு. ரொம்பச் சுத்தமாக இருக்கும். ஒரு கீறல் இல்லை, ஒரு தூசு இல்லை. அதைப் பார்த்தால் மூன்று வயசுப் பிள்ளைகூட நம்பாது. அங்கேதான் ஷீலா வருகிறாள். கட்டையின் விளிம்பில் நகம் பட்ட கீறல், குமிழ்களின் இடுக்கில் தூசு, போலீஸ்காரரின் முதுகில் விரல் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பூசி, அந்தப் பொய்க்கு உயிர் கொடுப்பாள். சூப்பர்வைசர் அனந்தகிருஷ்ணன் சேலையூர்க்காரர், நல்ல மனுஷர், ஆனால் ஒன்றையே ஒன்பது தடவை சொல்கிற ஜாதகம். “கை படாத பொம்மை பொம்மையே இல்ல ஷீலா” என்பார். காலையில் காபியோடு சொல்வார், மத்தியானம் தயிர் சாதத்தோடு சொல்வார்.

தொடர் ஆரம்பித்த புதிதில், கட்டைகள் மேல் பதிக்க நல்ல கட்டைவிரல் ரேகை ஒன்று தேவைப்பட்டது. ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் மையைத் தொட்டு வோட்டுப் போடுகிற மாதிரி விரலைப் பதித்துப் பார்த்தார்கள். அனந்தகிருஷ்ணனுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பக்கத்து சீட் கிட்டுவின் ரேகையைப் பார்த்து, குழம்பில் ஊறின அப்பளம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கிட்டு ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்போதுதான் ஷீலா, என்னிடம் ஒன்று இருக்கிறது சார், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்னாள். மறுநாள் கைப்பையிலிருந்து கர்ச்சீப்பில் சுற்றின ஒரு நீலக் கட்டையை எடுத்தாள்.

அந்தக் கட்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

ஷீலாவுக்கும் பிரிட்டோவுக்கும் ஒரே பிள்ளை, ஜோனத்தான். அனகாபுத்தூரில், ஆத்துக்குப் போகிற சந்தில் வீடு. பிரிட்டோ ஏசி மெக்கானிக். பையனுக்கு அஞ்சு வயசு, வாய் மட்டும் அம்பது. ஒரு டப்பா நிறையக் கட்டைகள் வைத்திருந்தான். எந்நேரமும் வீடு கட்டுவான். நாலு சுவர் எழுப்பி, மேலே கூரை போட்டு மூடிவிடுவான். கதவு மட்டும் வைக்கவே மாட்டான். உள்ளே இருக்கிறவன் எப்படிடா வெளியே வருவான் என்று ஷீலா கேட்டால், “கூரையத் தூக்குனா வந்துடுவாம்மா. கதவு இன்னாத்துக்கு?” என்பான். பெரிய இன்ஜினியர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வான்.

ஒருநாள் அந்த நீலக் கட்டையின் மூலை உடைந்துபோனது. அப்பா ஏசி குழாயைச் சுற்றி அடைக்கிற சீலன்ட் பசை டியூபை ஜோனத்தானே எடுத்து, உடைந்த இடத்தில் பிதுக்கி, கட்டைவிரலால் அழுத்திவிட்டான். கட்டை ஒட்டிக்கொண்டது. கூடவே புதுப் பெட்ஷீட்டும் நாசமானது. ஷீலா முதுகில் ரெண்டு வைத்தாள். அவன் அழுதுவிட்டுத் தூங்கிப்போனான். சீலன்ட் காய்ந்து ரப்பராக இறுகியது. அதில் அவன் கட்டைவிரல் சுழி சுழியாக, நடுவே பென்சில் சீவும்போது பிளேடு கிழித்த கோட்டோடு, அப்படியே பதிந்து நின்றது.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் அதை நீட்டிச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

பிள்ளை போட்ட சட்டையில் வாசம் போய்விடும். பள்ளிக்கூட நோட்டில் பென்சில் மங்கிவிடும். அந்த நீலக் கட்டையில் மட்டும்தான் அவன் தொட்டது தொட்டபடி நின்றது. ஷீலா அதை விரலால் தடவக்கூட மாட்டாள், தேய்ந்துவிடுமே என்று பயம். அதைத்தான் ஆபீஸுக்குக் கொண்டுபோனாள். ஏன் கொண்டுபோனாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. எங்கேயாவது அவன் கை மறுபடியும் படட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ரேகையைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அனந்தகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிரமாதம் என்றார். அப்புறம் ஒரு குறை சொன்னார். இது சின்னப் பிள்ளையின் ரேகை. கதைப்படி பொம்மையை நகர்த்துவது ஒரு பெரிய ஆள். குமிழின் அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், பெரிதாக்கு என்றார். யாருடைய ரேகை என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஷீலா மூலையைப் பிடித்து மவுஸால் ஒரு இழுப்பு இழுத்தாள். அஞ்சு வயசு விரல் ஆம்பளை விரலாக வளர்ந்து நின்றது. எந்தத் தாயும் அப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்க மாட்டாள். எழுந்து பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, பெரிதாக்கினதை மட்டும் சேமித்துக்கொண்டு சின்னதை அழித்துவிட்டாள். அவளுக்கு இனி அது வேண்டாம். அவள் பிள்ளை வளர்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போனது வேலைக்கு அல்ல, மகனைப் பார்க்க. ஒவ்வொரு கட்டையிலும் அவன் விரல். ரொட்டிக்கடைக் கூரையில் ஜோனத்தான், ஸ்டேஷன் தூணில் ஜோனத்தான். தாம்பரத்தில் கம்பெனி வேன் ஏறும்போது கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ஏறுவாள். நீலக் கட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டாள். தினமும் அவனைப் பார்க்கிற இடத்திலேயே அதுவும் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

வீட்டில் பிரிட்டோ அதைத் தேடினான். பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். கட்டிலை நகர்த்தினான். வாசல் சாக்கடையைக்கூட ஒரு கம்பியால் கிளறினான். அந்த நீலக் கட்டையை நீ பார்த்தாயா என்று கேட்டபோது ஷீலா இல்லை என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மறைத்துவிட்டு அதே கையால் அவனுக்குச் சோறும் போட்டாள். பெற்ற வயிறு சில நேரம் ரொம்பச் சுயநலம் பிடித்தது. அதில் புருஷனுக்கும் பங்கு உண்டு என்பது அதற்கு மறந்துபோகும்.

அவன் போய் முதல் வருஷம் முடிகிற சமயம், மறுபடியும் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அது ஆரம்பித்தது.

கம்ப்யூட்டர்கள் ராத்திரி முழுக்க வரைந்து தள்ளின காட்சிகளைக் காலையில் பெரிய திரையில் போட்டு எல்லாரும் பார்ப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் கடையைத் திறக்கிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அனந்தகிருஷ்ணன் நிறுத்தச் சொன்னார். கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு ரேகை. சின்னது. யார் இதைச் சின்னதாகப் போட்டது என்று கேட்டார். என் தப்புதான் சார், பார்க்கிறேன் என்று ஷீலா சொன்னாள்.

சீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தாள். கதவு பளிச்சென்று இருந்தது. அவள் அதில் ஒன்றும் போடவில்லை. மறுபடியும் வரையவிட்டாள். படத்தில் ரேகை இருந்தது, முன்னே இருந்ததற்கு ஒரு நூல் மேலே. பெரிதாக்கிப் பார்த்தாள். அதே சுழி. நடுவே அதே பிளேடு கோடு. அதன் அளவைக் குமிழோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அஞ்சு வயசு அளவு, அட்சரம் பிசகவில்லை. அந்த அளவில் ஒரு படம் அந்த ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. அழித்தது அவளேதான்.

அதற்கடுத்த வாரம் பஸ் காட்சி. கதவுக் கண்ணாடியில் சின்ன ரேகை, உள்பக்கமாக. அப்புறம் ஸ்டேஷன் கேட்டில். அப்புறம் போலீஸ் ஜீப்பின் கதவில். ஃபைலில் தேடினால் ஒன்றும் இருக்காது, படத்தில் மட்டும் இருக்கும். சிஸ்டம் பார்க்கிறவர்கள் வந்து தலையைச் சொறிந்துவிட்டு, ஏதோ சாஃப்ட்வேர் கோளாறு என்று சொல்லிப் போனார்கள். பேய்க்கும் டைட்டிலில் ஒரு பேர் போட்டுவிடலாம் என்று கிட்டு சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஷீலாவும் சிரித்தாள்.

பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். முதல் நாள் இருந்தது. அப்புறம் இல்லை. பெற்றவளுக்கு என்ன பயம்? அவன் வந்திருக்கிறான், விளையாடுகிறான், இன்றைக்கு எங்கே கை வைத்திருப்பான் என்று தேடுகிற ஒரு ஒளிஞ்சு விளையாட்டு என்று அவள் வைத்துக்கொண்டாள். காலையில் முதல் ஆளாக வந்து, மற்றவர்கள் பார்க்குமுன் தேடிக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்ததும் திரையைப் பார்த்து லேசாகக் கண்ணடிப்பாள். யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு முற்றிவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

கிட்டுதான் ஒருநாள் அவள் நாற்காலியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

“ஷீலாக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லாமே கதவுகிட்டயே இருக்கு.”

அவளுக்கு அது பிடிக்கவில்லை. உன் வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் சொன்னதை மட்டும் அனுப்ப முடியவில்லை, காதுக்குள்ளேயே நின்றது.

கடைசியில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கண்ணிலும் பட்டது. அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள். ஒரே ரேகை திரும்பத் திரும்ப வருகிறது, அளவும் மாறி மாறி இருக்கிறது, சரி பண்ணாவிட்டால் எபிசோடை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அனந்தகிருஷ்ணன் ஷீலாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த ரேகையை எல்லாக் கட்டையிலிருந்தும் எடுத்துவிடு, கம்ப்யூட்டரே தயார் பண்ணுகிற ரேகையைப் போட்டுவிடலாம், பழையது சர்வரிலேயே இருக்கக்கூடாது என்றார்.

சார், அது வந்து, என்று ஷீலா ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். நல்ல மனுஷர் என்று சொன்னேனே, குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னார்.

“வெறும் ரேகைதானே ஷீலா.”

சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை பறிகொடுத்தாள், இப்போது இங்கேயும் கொடுக்க வேண்டுமாம். கொடுக்க மாட்டேன் என்று மனசுக்குள் ஒரே பிடிவாதம் பிடித்தாள்.

அன்றைக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். இந்த வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு புத்தி வரும். கட்டை டவுனுக்குப் பின்பக்கம், எந்தக் காட்சியிலும் கேமரா போகாத ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு சின்ன வீடு கட்டினாள். ஜோனத்தான் கட்டுகிற மாதிரியே நாலு சுவர், மேலே கூரை. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. டிராயரிலிருந்து நீலக் கட்டையை எடுத்து மறுபடியும் ரேகையைப் படம் பிடித்து, இந்தத் தடவை பெரிதாக்காமல், அவன் அளவிலேயே, உள்சுவரில் ஒரே ஒரு இடத்தில் பதித்தாள். கூரையைப் போட்டு மூடினாள். அப்புறம்தான் டவுன் முழுக்க இருந்த பழைய ரேகையை அழித்தாள். இனி யாரும் உன்னைத் தொட முடியாதுடா என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காட்சிகள் துடைத்து வைத்த மாதிரி வந்தன. ரொட்டிக்கடைக் கதவு சுத்தம், பஸ் கதவு சுத்தம். அனந்தகிருஷ்ணன் பெருமூச்சு விட்டு, எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு சின்ன ரேகைகூட வரவில்லை. ஷீலாவும் நிம்மதியாக இருந்தாள். இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான், எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

இதற்கிடையில் கல்லறைத் திருநாள் நெருங்கியது. அனகாபுத்தூரில் ஊரே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் பூ வாங்கவும் கிளம்பிக்கொண்டிருந்தது. அடக்கம் பண்ணின நாளுக்கு அப்புறம் ஷீலா அந்தப் பக்கம் போனதே இல்லை. பிரிட்டோ அவளைக் கூப்பிட்டான். ஆபீஸில் வேலை இருக்கிறது என்றாள். அவன் வற்புறுத்தவில்லை. ஈரத் துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

“அந்த நீலக் கட்டை மட்டும் கிடைச்சிருந்தா தேவலாம் ஷீலா. ஒரு வாட்டி கையில வச்சுப் பார்க்கணும் போல கீது.”

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திரும்பி நின்றும் முதுகு சுட்டது.

மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். அவனை ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும் போல இருந்தது அவளுக்கு. கட்டை டவுனைத் திறந்து, பின்மூலைக்குப் போய், அந்த வீட்டுக்குள்ளே ஒரு கேமராவை வைத்து, கொஞ்சம் வெளிச்சம் கொடுத்து, ஒரே ஒரு படம் வரையவிட்டாள். திரையில் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் வந்தது.

முதலில் கூரை ஓரம் வந்தது. அங்கேயே ரேகை இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, பக்கத்தில் இன்னொன்று. படம் இறங்க இறங்க ஷீலா திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். ஒரே ஒரு இடத்தில் அவள் பதித்த ரேகை நாலு சுவரிலும் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, சுவரின் நிறமே தெரியாதபடி இருந்தது. நிறைய ரேகைகள் மேல்நோக்கி இழுபட்டிருந்தன, எட்டிப் பிடிக்கப் பார்த்து வழுக்கின மாதிரி. கூரையும் சுவரும் சேருகிற இடுக்கில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். அங்கே பிளாஸ்டிக் மழுங்கிப்போயிருந்தது.

அவள் மறக்க நினைத்த ஒன்று இருந்தது. ஒரு வருஷமாக அதன் மேல் வேலையைப் போட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். இப்போது அது மூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

ஐசியூவில் ஒரு கண்ணாடிக் கதவு. பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். கையில் ஊசி குத்தின குழாயோடு ஜோனத்தான் கட்டிலை விட்டு இறங்கி அந்தக் கதவு வரைக்கும் வந்துவிட்டான். நர்ஸ் ஓடி வருவதற்குள் கண்ணாடியில் கையை வைத்து அழுத்தினான். சத்தம் வெளியே கேட்கவில்லை. வாய் அசைந்ததை வைத்தே ஷீலாவுக்குப் புரிந்தது. வூட்டுக்குப் போலாம்மா. அவள் இந்தப் பக்கமிருந்து கண்ணாடி மேல் கை வைத்து, நாளைக்கு, நாளைக்குப் போலாம் என்று வாயை அசைத்துக் காட்டினாள். அவன் தலையாட்டினான். அம்மா சொன்னால் சரிதான் என்று நம்பிக்கொண்டு திரும்பிப் போனான். கண்ணாடியில் மட்டும் அவன் விரல் அச்சு கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அங்கே கூட்டித் துடைக்கிற வேலைக்காரம்மா ஒருத்தி துணியால் துடைத்துவிட்டாள்.

எல்லாமே கதவுகிட்டயே இருக்கு என்று கிட்டு சொன்னானே. விளையாட வந்தான் என்று நினைத்தாளே பாவி. ரொட்டிக்கடைக் கதவு, பஸ் கதவு, ஸ்டேஷன் கேட் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருக்கிறான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அதை ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவளோ, பிள்ளையைப் பத்திரமாக வைக்கிறேன் என்று, கதவே இல்லாத வீடு கட்டி உள்ளே போட்டுக் கூரையையும் மூடியிருக்கிறாள்.

வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் சத்தம் வந்தது.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். அந்தக் கூரையைப் பிடித்து மேலே தூக்கினாள். கூரையத் தூக்குனா வந்துடுவாம்மா. அவனே சொல்லிக் கொடுத்ததுதானே, அதுகூடவா மறந்துபோனது அவளுக்கு. தூக்கின கூரையை அந்தண்டை எங்கேயும் வைக்கவில்லை, அழித்தே விட்டாள்.

மறுபடியும் ஒரு படம் வரையவிட்டாள். இந்தத் தடவை சுவர்கள் சுத்தமாக இருந்தன. நாலு பக்கமும் ஒன்றுமே இல்லை, அவள் பதித்தது உட்பட. சுவரின் உச்சி விளிம்பில் மட்டும் ஒரே ஒரு கட்டைவிரல் ரேகை, உள்ளேயிருந்து வெளியே ஏறிக் குதிக்கிறவன் ஊன்றின மாதிரி. இன்னொரு தடவை வரைந்து பார்த்தாள். அதுவும் இல்லை.

சர்வரில் இருந்த கடைசிப் படத்தையும் அவளே அழித்தாள். டிராயரைத் திறந்து நீலக் கட்டையை எடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்த அனந்தகிருஷ்ணனிடம் அரைநாள் லீவு கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், உள்ளங்கையில் இருந்த கட்டையைப் பார்த்தார். அந்தச் சின்ன ரேகை யாருடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஒன்றையே ஒன்பது தடவை சொல்கிற மனுஷர், அன்றைக்கு ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்துக்குக் கம்பெனி வேன் கிடையாது. மழைத் தூறலில் கேளம்பாக்கத்தில் பஸ் ஏறினாள். கர்ச்சீப்பில் சுற்றவில்லை. கட்டையை உள்ளங்கையில் வைத்து, இத்தனை நாள் தடவக்கூடப் பயந்த அந்த ரேகையின் மேல் தன் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டாள். அவள் விரலுக்கு அடியில் அவன் விரல் பாதிதான் இருந்தது. அஞ்சு வயசுதான் அவனுக்கு. எப்போதும் அஞ்சு வயசுதான். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வண்டலூர் வரைக்கும் ஆனது.

தாம்பரம் வந்தது. அந்த ஆஸ்பத்திரி வருகிற பக்கத்தில் அவள் எப்போதுமே உட்கார மாட்டாள். அன்றைக்கு வேண்டுமென்றே அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். கட்டடம் வந்தபோது முகத்தைத் திருப்பவில்லை. கட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

“கிளம்பிட்டோம்டா. வூட்டுக்குப் போலாம்.”

பல்லாவரத்தில் இறங்கி, பம்மல் வழியாகப் போகிற ஷேர் ஆட்டோவில் அனகாபுத்தூர் வந்து, சந்துக்குள் தேங்கின தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். மழைக்காலத்தில் ஏசி வேலை குறைச்சல், பிரிட்டோ வீட்டில்தான் இருந்தான். தட்டினதும் கதவைத் திறந்தான். இந்நேரத்தில் இவள் ஏன் வந்தாள் என்று அவன் கேட்குமுன் ஷீலா கையை விரித்துக் காட்டினாள்.

அவன் கட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகம் ஒரு நொடி கோபத்தில் இறுகியது. இறுகத்தான் செய்யும், சாக்கடையைக் கிளறித் தேடினவன் அல்லவா.

“என்கிட்டதான் இருந்துச்சு,” என்றாள் ஷீலா. “ஆபீஸ்லயே வச்சுப் பூட்டிகினேன். உனக்குக்கூடக் குடுக்கல.” கட்டையை இன்னும் அவன் பக்கமாக நீட்டினாள். “அன்னைக்கு நாளைக்குப் போலாம்னு சொல்லிட்டு வந்தேன் பிரிட்டோ. அவன் காத்துகினே இருந்திருக்கான்.”

பிரிட்டோ ஒரு விரலால் அந்த ரேகையைத் தொட்டான். தொட்டுக்கொண்டே நின்றான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. கோபத்தை அவன் எங்கே கொண்டுபோய் வைத்தான் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் கதவை அகலத் திறந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றான். ஷீலாவும் உடனே படி ஏறவில்லை. வாசலுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து, சின்ன ஆள் ஒருத்தன் நடந்து போகிற அளவுக்கு வழி விட்டாள். பிள்ளை உள்ளே போனதற்கு அப்புறம்தான் அவள் போனாள்.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகும் அவர்கள் கதவைச் சாத்தவில்லை. ஆத்துப் பக்கத்துக் கொசு கூட்டமாக உள்ளே வந்தது. ஷீலா கொசுவர்த்தியைக் கொளுத்தி ஓரமாக வைத்துவிட்டு, நாளைக்குக் கல்லறைக்கு என்ன பூ வாங்கலாம் என்று பிரிட்டோவைக் கேட்டாள்.